ரோஜாவுக்குக் குரங்குக் குல்லா

திருத்தணியில் குளிர்காலம் என்பது வெப்பமானி ஒத்துக்கொள்ளாத, ஆனால் ஊர் முழுக்க ஒத்துக்கொண்ட விஷயம். கார்த்திகை தீபம் முடிந்த மறுநாளே ஆட்டோக்காரர் மப்ளருக்குள் போய்விடுவார். பால்காரருக்குக் கண்ணும் மூக்கும் மட்டும்தான் வெளியே தெரியும். விடிகாலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கினால் போதும், "என்னா பனி, என்னா பனி" என்று பெட்டியிலிருந்து குரங்குக் குல்லாக்கள் வெளிவரும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டி டி.வி. செய்தியில் வரும் ஊர் இது. கிடைக்கும் குளிரை எங்களால் வீணாக்க முடியாது.

இந்தச் சூழ்நிலையில்தான் என் மனைவி கேட்டாள்: "நமக்கே இப்படி நடுங்குதே, ரோஜாச் செடிங்களுக்கு ஒண்ணும் போர்த்த வேணாமா?"

மினியாபொலிஸில் இருக்கும் அக்கா மகனைப் போனில் பிடித்தேன். அவன் சாவதானமாகச் சொன்னான்: "செடி பக்கத்துலயே பள்ளம் வெட்டி, அதை அப்படியே சாய்ச்சுப் படுக்க வெச்சு, மண்ணைப் போட்டு மூடிடுவோம் மாமா. மேலே சருகு. அக்டோபர்ல புதைச்சா ஏப்ரல்லதான் எடுப்போம்."

"உசுரோடவா?"

"உசுரோடதான் மாமா."

அங்கே அது ஊரறிந்த முறை. பெயரே 'மினசோட்டா டிப்'. பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரி போகும் இடத்தில் செடியை நிற்கவிட்டால் ஒட்டுப் போட்ட இடம் செத்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் காட்டு ரோஜா மட்டும் பிழைத்து, வசந்தத்தில் தன் இஷ்டத்துக்குத் துளிர்க்கும்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஊட்டியில் உறைபனிக் காலத்தில் தாவரவியல் பூங்காவின் மென்மையான செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டு மூடுகிறார்கள். அங்கே 1995-ல் அமைத்த ரோஜாப் பூங்கா உலக ரோஜாச் சங்கக் கூட்டமைப்பின் விருதே வாங்கியிருக்கிறது. குளிர் என்றால் அது குளிர்.

நம்மூர் ரோஜாவுக்கோ மார்கழிதான் வசந்தம். அக்டோபருக்கு மேல் கவாத்து செய்துவிட்டால், ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் மொட்டு கட்டும். எங்கள் வீட்டில் இருப்பது 'ஆந்திரா ரெட்'. திருத்தணியை ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுவர ம.பொ.சி. போராட வேண்டியிருந்தது, 1960 ஏப்ரல் 1-ல்தான் ஊர் வந்து சேர்ந்தது. ஆந்திரா ரெட் எந்தப் போராட்டமும் இல்லாமல் நர்சரி வேனில் வந்து இறங்கிவிட்டது.

பனியால் வரும் ஒரே தொல்லை சாம்பல் நோய். இலை மேல் வெள்ளையாகப் படியும். எதிர்வீட்டு மாமி அதைப் பார்த்து, "முருகன் விபூதி பூசியிருக்கான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து நான் தெளித்தபோது, என்னை நாத்திகன் என்றே முடிவுகட்டியிருப்பார்.

ஆக, திருத்தணியில் குளிர்காலத்து ரோஜாவைக் காக்க வேண்டியது பனியிடமிருந்து அல்ல, பக்தியிடமிருந்து. விடியற்காலை நாலரை மணிக்குக் கேட்டருகே சலசலப்பு கேட்கும். கையில் பூக்கூடை, வாயில் திருப்புகழ். பிடித்தால், "சாமிக்குத்தான் சார்" என்பார்கள். இதற்கு மேல் எந்தச் சட்டமும் பேசாது. டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழாவென்றால் கேட்கவே வேண்டாம். முருகன் மலையின் 365 படிகளுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே மேலே போவார்கள். விடிந்தால் எங்கள் தெருவில் காம்பு மட்டும் புத்தாண்டு கொண்டாடும்.

தொட்டிகளை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். அங்கே குரங்குகள். மொட்டைக் கிள்ளி, பாதி தின்று, மீதியை என் முன்னாலேயே துப்பும். ஆனால் ஒன்று, குரங்கு ஒருநாளும் "சாமிக்கு" என்று சொன்னதில்லை. அந்த நேர்மைக்கு மரியாதை கொடுத்து, தொட்டிகளை மறுபடி கீழே இறக்கினேன்.

போன வாரம் நாலு வீடு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் காலிங் பெல் அடித்தார். கையில் விபூதிப் பொட்டலம், கூடவே ஒரு சிவப்பு ரோஜா. "மலைக்குப் போயிருந்தேன். உங்க பேருக்கும் அர்ச்சனை பண்ணேன் சார்."

மனைவி பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலையில் வைத்தாள். "நம்ம செடிப் பூ மாதிரியே இருக்குங்க," என்றாள். வாத்தியார் அதைக் காதில் வாங்காமல் கேட் வரை போய், செடிப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"நாளன்னிக்குக் கிருத்திகை சார். இந்த மொட்டு அதுக்குள்ள விரிஞ்சிடும். பனி ஜாஸ்தியா இருக்கு, எதையாவது போட்டு மூடி வைங்க."