பலூனுக்குள் அடங்காத தமிழ்

2001-ல் திருச்செங்கோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மினி புராஜெக்டுக்கு வகுப்பே நூலகக் கணக்கு, பஸ் டிக்கெட் முன்பதிவு என்று எடுத்துக்கொண்டபோது, நானும் என் அறைத்தோழனும் இணையத்தில் தமிழ் காமிக்ஸ் போடப்போவதாக எழுதிக்கொடுத்தோம். சிவகாசியிலிருந்து 1972-ல் புறப்பட்ட முத்து காமிக்ஸும் அதன் இரும்புக்கை மாயாவியும் நாங்கள் பிறக்கும் முன்பே எங்கள் ஊர் வீடுகளுக்குள் வந்துவிட்டவை. ராணி காமிக்ஸ் அப்போதும் பெட்டிக்கடையில் தொங்கும். ஆனால் அந்த நாயகர்களில் பலர் லண்டனிலோ அமெரிக்க மேற்கிலோ இருந்தார்கள். எங்களுக்கு நாமக்கல்லில் முட்டை லோடு ஏற்றிக் கேரளா போகும் லாரியின் கிளீனர்ப் பையன்தான் நாயகனாக வேண்டும்.

திட்டம் போட ஒரு நோட்டு வாங்கினோம். கதையைவிடக் கணக்குதான் அதில் அதிகம் இருந்தது. இணையதளம் வைக்க ஜியோசிட்டீஸ் இலவசமாகக் கொடுத்த இடம் 15 எம்பி. டயல்-அப் மோடத்தில் 40 கேபி படம் இறங்கவே பத்து விநாடி பிடிக்கும் என்பதால் பக்கத்துக்கு அதுதான் உச்சவரம்பு. 16 நிறத்துக்கு மேல் கிடையாது. திரை 800-க்கு 600. அதற்குள் மூன்று கட்டம்.

சிக்கல் எழுத்தில் வந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளை ஏற்றிருந்தது. இணையத்தில் டிஸ்கி என்ற குறியீடும் ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகைகளோ ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. யூனிகோடில் தமிழ் இருந்தும், கல்லூரி ஆய்வகத்து விண்டோஸ் 98-ல் அது சரியாக வராது. எனவே முகப்பையும் கதைச் சுருக்கத்தையும் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். படிக்க வருகிறவர் முதலில் அந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும் என்று குறிப்பும் வைத்தோம். படத்தில் பேச்சு வரும் பலூனுக்குள் மட்டும் கையால் எழுதுவது என்று முடிவானது.

தோழனின் அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் எழுத்து எழுதுகிறவர். எங்கள் முதல் பக்கத்தைப் பார்த்தார். பலூனை முட்டை வடிவில் போட்டுவிட்டு, அதற்குள் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பதை மூன்றாக உடைத்து அடைத்திருந்தோம். "மொதல்ல எழுத்தை எழுது கண்ணு. சுத்துக்கோட்டை அப்பறம் போட்டுக்கலாம்" என்றார். பென்சிலால் இரண்டு இணைகோடு இழுத்து, கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி இடத்தை அளந்து காட்டினார். பின்பலகையில் ஊர்ப் பெயர் ஓரம் தட்டாமல் உட்காருவது அந்த அளவில்தான். தமிழுக்குப் பலூன் அகலமாக வேண்டும், உயரம் குறைவாக வேண்டும் என்பது அன்று கைக்கு வந்தது. இன்னொன்றும் தெரிந்தது: பையன் எங்கள் ஊர்ப் பேச்சில் ‘வந்துட்டு இருக்கறாங்க’ என்றால் சொல் பிரியும் இடத்திலேயே வரி மடங்கிக்கொள்கிறது.

மதிப்பிட வந்தவருக்குத் தட்டச்சு செய்த பக்கங்கள்தான் பிடித்தன. கையெழுத்து இருந்த படங்களை ஓவியப் போட்டிக்குக் கொடுக்கச் சொன்னார்.

2009 அக்டோபர் 26 அன்று ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. எங்களிடம் ஒரு குறுந்தகடு மிஞ்சியது. சேலத்தில் படிக்கும் அண்ணன் மகள், தன் கல்லூரி புராஜெக்டுக்கு வெப்காமிக் போடப்போவதாகச் சொன்ன அன்று அதைத் திறந்து காட்டினேன். அந்த எழுத்துரு இப்போது எங்கும் இல்லாததால், மதிப்பிட வந்தவர் பாராட்டிய பக்கங்கள் முழுக்கப் புள்ளியும் கொம்பும் முளைத்த ரோமன் எழுத்தாக நின்றன. கையால் எழுதிய பலூன்களோ ஒரு புள்ளி குறையாமல் அப்படியே படிக்கக் கிடைத்தன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். தோழனின் அப்பாவுடைய கை அளவு அதில் இருக்கிறது.

அவள் திட்டம் வேறு. பக்கம் என்பதே இல்லை. 800 பிக்சல் அகலத்தில் கைப்பேசியில் கீழே கீழே உருளும் ஒரே பட்டை. கேபி கணக்கை அவள் யோசிக்கவே வேண்டியதில்லை. கவிவாணர், பலூ தம்பி போன்ற எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, தளமே அவற்றைப் படிப்பவரின் கருவிக்கு அனுப்பிவிடுகிறது. "அப்ப கையில எழுதவே வேண்டாமுங்களா சித்தப்பா?" என்று கேட்டாள்.

எழுத வேண்டும் என்றுதான் சொன்னேன். படத்துக்குள் இருக்கும் கையெழுத்து எந்தக் குறியீட்டையும் நம்பி இல்லை. ஆனால் பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், தேடினாலும் அகப்படாது. ஆகவே ஒவ்வொரு பட்டைக்கும் உரையாடலை யூனிகோடில் தனியாகத் தட்டச்சு செய்து படத்துடன் இணைக்க வேண்டும். இன்னொருவர் கொடுக்கும் இடத்தில் மட்டும் வைக்காமல், தன் பெயரில் ஒரு தளம், வீட்டில் ஒரு பிரதி, அலமாரியில் அசல் தாள். இது கூடுதல் வேலை என்று முகம் சுளித்தாலும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எட்டு அத்தியாயம் கையிருப்பு இல்லாமல் தளத்தைத் திறக்கக் கூடாது என்பது என் கட்சி. மூன்று போதும் என்கிறாள் அவள். மூன்றாவதற்குப் பென்சில் வேலை நடந்துகொண்டிருக்கிறது.