இடுப்புக் கோட்பாடு: வால்வு ஆம்ப்பைத் துறந்த கிட்டார்காரர் குறித்து ஓர் ஆய்வு

இசைக்குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்போர், நடுவயதை ஒட்டி, வால்வு ஆம்ப்பை விட்டு, அதன் ஒலியைப் போலச்செய்யும் டிஜிட்டல் மாடலருக்கு மாறுவது ஏன் என்பதே இவ்வாய்வின் பொருள். காதே காரணம் என்பது இதுவரை வழங்கிவரும் கொள்கை. ‘டெக்னாலஜி எங்கேயோ போய்விட்டது, வித்தியாசமே தெரியவில்லை’ என்று மாறியவர் அனைவரும் ஒரே குரலில் சொல்வர். எல்லாரும் ஒரே குரலில் சொல்வதை ஐயுறுவது ஆய்வாளர் கடன். காரணம் காதன்று, இடுப்பே என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை: மேடை முதல் கார் டிக்கி வரை.

முதன்மைச் சான்று ஃபெண்டர் நிறுவனத்தின் ‘ட்வின் ரிவெர்ப்’. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, 85 வாட், எடை சுமார் 29 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைவிடக் கூடுதல். பிடியோ மேலே ஒன்றுதான். 2019இல் அதே நிறுவனம் அதே கறுப்பு முகப்போடு ‘டோன் மாஸ்டர்’ வரிசையைக் கொண்டுவந்தது. உள்ளே வால்வு ஒன்றுகூடக் கிடையாது. 85 வாட் வால்வின் மிடுக்கைக் காட்ட 200 வாட் டிஜிட்டல் திறன் வைத்தார்கள். கனத்த டிரான்ஸ்ஃபார்மர்கள் போயின, ஸ்பீக்கர் காந்தம் நியோடிமியம் ஆயிற்று, எடை 15 கிலோவாக இறங்கிற்று. இதைத் தூக்கிப் பார்ப்பவர் முகத்தில் தோன்றும் மெய்ப்பாடு உவகை. பெட்டியை மின்சாரத்தில் செருகும் முன்பே அது தோன்றிவிடுகிறது என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

காரணம் பர்ஸ் என்பாரும் உளர். கிட்டார் ஆம்ப்புக்கு வால்வு செய்யும் பெரிய ஆலைகள் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று விரல்விட்டு எண்ணும் அளவே. 2022இல் ரஷ்ய வரத்து தடைபட்டதும் விலை ஏறியது. ஆனால் நல்ல மாடலர் ஒன்றின் விலை நல்ல ஆம்ப் ஒன்றின் விலைக்குக் குறைந்ததன்று. எனவே இக்கொள்கை தள்ளத்தக்கது.

இனி வால்வின் இயல்பு. கண்ணாடிக் குழாய்க்குள் இழை பழுக்கச் சூடாகும். தகட்டில் 400 வோல்ட்டுக்கு மேலும் நிற்கும். அளவோடு வாசித்தால் ஒலி சுத்தமாக வரும். அளவு மீறினால் அலையின் உச்சி வெடுக்கென்று வெட்டுப்படாமல் மெல்ல மழுங்கும். அந்த மழுங்கலே ரசிகர் உயிரை விடும் கரகரப்பு. இன்ஜினியர் கணக்கில் இது பிழை. பிழையைப் பண்பாக்கியவர்கள் வாசித்தவர்கள்தாம். 1951இல் மெம்ஃபிஸில் ‘ராக்கெட் 88’ பாட்டு பதிவாகும் முன் கிட்டார் ஆம்ப் அடிபட்டுவிட, ஸ்பீக்கர் கூம்பில் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். ஆம்ப் காரிலிருந்து விழுந்ததா, மழையில் நனைந்ததா என்பதில் பாடபேதம் உண்டு. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் இவ்வளவு தூரம் காத்திருக்கவில்லை. பிளேடை எடுத்துக் கூம்பைத் தாமே கிழித்தார்.

மாடலர் என்பது இந்த விபத்துகளைக் கணக்காக்கி வைத்திருக்கும் கணினி. லைன் 6 நிறுவனம் 1998இல் அவரைவிதை வடிவச் சிவப்புப் பெட்டியாக ‘பாட்’டைக் கொண்டுவந்தது, 2015இல் அதே நிறுவனத்தின் ‘ஹீலிக்ஸ்’ வந்தது. இந்தப் பின்னதன் திரையில் ‘ஹம்’ என்றொரு அளவு இருக்கிறது. வால்வு ஆம்ப்பின் முனகலை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சேர்த்துக்கொள்ளலாம். ‘சாக்’ என்று மற்றொன்று: ஓங்கி அடித்ததும் பழைய ஆம்ப்பின் மின்னழுத்தம் ஒரு கணம் தொய்ந்து, பிறகு சுதாரித்து எழுமே, அந்தத் தொய்வு. அஃதேல், பாடுபட்டு ஒழித்த குறையைப் பாடுபட்டு மீண்டும் புகுத்துவானேன் எனின், வாங்குவோர் கேட்டனர் என்க. ஒலியின் குறைகள் அனைத்தையும் கேட்டு வாங்கியவர்கள் ஒரே ஒரு குறையை மட்டும் கேட்கவில்லை. அது எடை. நம் கோட்பாட்டுக்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

தடை: மாடலர் தாமதிக்கும் என்பர். உண்மை, இரண்டு மூன்று மில்லிசெகண்ட் தாமதிக்கும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய அதே நேரம் ஆகும். தடை எழுப்பியவரோ ஆம்ப்புக்கு மூன்று மீட்டர் தள்ளி நின்று பல்லாண்டு வாசித்தவர். அங்கே ஆன ஒன்பது மில்லிசெகண்ட் பற்றி அவர் யாரிடமும் முறையிட்டதாகத் தெரியவில்லை.

மெய்யான இடர் வேறிடத்தில். குறைந்த ஒலியில் நம் காது அடித்தொனியையும் உச்சத்தொனியையும் சரிவர வாங்காது. ஒலி ஆய்வாளர்களான ஃப்ளெச்சரும் மன்சனும் 1933இலேயே வரைந்து காட்டியது இது. ராத்திரி ஹெட்போனில் உட்கார்ந்து, மாடலரில் சேமிக்கும் ஒலியமைப்பான பிரிசெட்டைச் செதுக்குபவர் அந்த இரண்டையும் தாராளமாக ஏற்றுவார். சனிக்கிழமை பப் மேடையில் அதே பிரிசெட் கீழே குமுறும், மேலே கீச்சிடும். நடுவே இருக்கவேண்டிய கிட்டாரை டிரம்ஸும் பாஸும் விழுங்கிவிடும். இரண்டாம் பாட்டுக்கும் மூன்றாம் பாட்டுக்கும் இடையே, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குந்தி உட்கார்ந்து, தரையில் கிடக்கும் திரையில் நடுத்தொனிக்கான ‘மிட்’டைத் தேடும் கிட்டார்காரரை அப்போது காணலாம். பாடகர் ஏதோ ஜோக் சொல்லி நேரத்தை ஓட்டுவார். குந்தி எழுவதும் இடுப்புக்கு வேலைதான் என்பதை ஆய்வு நேர்மை கருதிக் குறித்து வைக்கிறோம்.

மாறாதவர் தரப்பையும் கேட்டாக வேண்டும். அவர் கடைசியாக வைக்கும் வாதம்: பின்னால் வால்வு ஆம்ப் முழங்கினால் பேண்ட் துணி படபடக்கும், மாடலரில் அது இல்லை. பப் உரிமையாளர் முகம் சுளிக்குமளவு ஒலியைக் கூட்டினால்தான் துணி அசையும் என்பதை அவரே ஒப்புக்கொள்வார். ஆக, மாறுபவர் இடுப்பால் மாறுகிறார், மாறாதவர் கெண்டைக்காலால் மறுக்கிறார். இவ்வழக்கில் காது எந்தத் தரப்புக்கும் சாட்சியாக வரவே இல்லை.

பார்வையாளர் கண் மட்டும் கொஞ்சம் ஏமாறுகிறது, ஆம்ப் நின்ற இடம் காலியாகிவிடுவதால். இதற்குத் தீர்வு கண்டவர் கனடாவின் ரஷ் குழுவின் கெடி லீ. பாஸ் கிட்டார் ஒலியை நேரே மிக்ஸருக்கு அனுப்பிவிட்டதால் அவர் பக்கம் வெறிச்சோடியது. எதிர்ப்பக்கத்திலோ அலெக்ஸ் லைஃப்சனின் ஆம்ப்கள் அடுக்காக நின்றன. சமன் செய்ய, 2002 சுற்றுப்பயணத்தில் துணி உலர்த்தும் இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். 2007 பயணத்தில் அவற்றின் இடத்தில் கோழி வாட்டும் அடுப்புகள் நின்றன. கச்சேரி நடுவே சமையல்காரர் வேடத்தில் ஒருவர் வந்து கோழிகளைக் கவனித்துவிட்டுப் போவார்.