பதினான்கு நாள் பிரஜை

வீட்டு வாடகை, நகரசபை வரி, அண்டை வீட்டார், அரசாங்கக் கடிதம் ஆகிய நான்கு உபாதைகளிலிருந்தும் ஏககாலத்தில் விமோசனம் பெற விரும்பும் மனிதர் இங்கிலாந்து தேசத்தில் செய்யும் காரியம், கையிருப்பையெல்லாம் திரட்டி ஒரு படகை வாங்கிக் கால்வாயில் இறங்கிவிடுவதுதான். ஆனால் இறங்கிய மறுவருஷம் அவரைப் போய்ப் பார்த்தால், சட்டத்தைத் துறந்து போன அந்த ஆசாமி, தேசத்திலேயே சட்டப் பரிச்சயம் மிகுந்த பிரஜைகளில் ஒருவராக மாறியிருப்பதைக் காணலாம். முப்பது வருஷம் தொழில் பார்த்துப் பழுத்த வக்கீல்கூடப் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தே சொல்லத் துணியும் ஒரு ஷரத்தை, நம் படகுவாசி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, உட்பிரிவு எண்களோடு ஒப்பித்துவிடுவார்.

அவருடைய வாசஸ்தலத்தை முதலில் பார்த்துவிடலாம். நீளம் எழுபது அடி வரை இருக்கலாம். அகலம் மட்டும் 6 அடி 10 அங்குலத்தைத் தாண்டாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற எஞ்சினீயர், படகுகளை மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்துக்கு இறக்கவும் மத்திய இங்கிலாந்தின் கால்வாய்களில் கட்டிய ‘லாக்’ என்னும் மதகுத் தொட்டிகள் ஏறக்குறைய 7 அடி அகலமே உள்ளவை. அந்த மகானுபாவர் அன்று பண்ணிய சிக்கனத்தின் பலனை இன்றைக்கும் படகில் குடித்தனம் செய்பவர்கள் முழங்கையில் அனுபவித்து வருகிறார்கள். உள்ளே இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆகவேண்டும். தம்பதிகளுக்குள் விட்டுக்கொடுக்கும் சுபாவத்தை வளர்ப்பதற்கு இதைவிடச் சிறந்த கட்டட சாஸ்திரம் இருப்பதாகத் தெரியவில்லை. உள்ளே இடம்பெறாத சாமான்களெல்லாம் கூரைக்கு ஏறிவிடுகின்றன: பிளந்த விறகு, நிலக்கரி மூட்டை, சூரிய ஒளித் தகடு, இரண்டு சைக்கிள்கள், கொத்தமல்லி முளைத்த தொட்டி, எதற்கு என்று யாருக்கும் தெரியாத ஒரு தள்ளுவண்டி.

இனி அந்த ஷரத்து. 1995-ஆம் வருஷத்து பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, படகுக்கு லைசென்ஸ் வேண்டுவோர் காப்புறுதியும் பாதுகாப்புச் சான்றிதழும் வைத்திருப்பதோடு, படகைக் கட்டிவைப்பதற்கு ஒரு நிரந்தரத் துறையும் காட்டவேண்டும் என்கிறது. அப்படிப்பட்ட துறைக்கு லண்டனில் கேட்கும் வாடகையைக் கொடுக்க முடிந்தால் அவர் படகுக்கே வந்திருக்கமாட்டார் என்பது வேறு விஷயம். துறை இல்லாதவருக்கும் சட்டம் கருணையோடு ஒரு வழி விட்டிருக்கிறது: அவர் மெய்யான பிரயாணத்தின்பொருட்டே படகை உபயோகிக்கவேண்டும், எந்த ஓர் இடத்திலும் பதினான்கு நாளுக்குமேல், அல்லது சந்தர்ப்பத்தை உத்தேசித்து நியாயமாகத் தோன்றும் கூடுதல் நாளுக்குமேல், தொடர்ந்து தங்கலாகாது. ஆகவே வேலை, மனைவி, மக்கள், பல்வலி எல்லாம் ஓரிடத்தில் இருக்க, மனிதர் மட்டும் பதினைந்தாம் நாள் கயிற்றை அவிழ்த்தாகவேண்டும்.

சரி, ‘இடம்’ என்பது எது? சட்டம் அதை விளக்கவில்லை. அந்த மௌனத்தின்மீது நம் நண்பர்கள் எழுப்பியிருக்கும் வியாக்கியானங்கள் கொஞ்சமல்ல. இந்தப் பாலத்திலிருந்து அடுத்த பாலத்துக்குப் போனால் இடம் மாறிவிட்டதாகாதா என்பார் ஒருவர். திரும்பி வந்த இடம் பழைய இடமா புதிய இடமா என்று மற்றொருவர் அத்வைத விசாரத்தில் இறங்குவார். 2012-இல் இந்தக் கால்வாய்களின் பராமரிப்பை ஏற்றுக்கொண்ட கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்னும் தர்ம ஸ்தாபனமோ, பேட்டை விட்டுப் பேட்டை போகவேண்டும், இரண்டு துறைகளுக்கு நடுவே ஊஞ்சலாடினால் பிரயாணம் ஆகாது என்கிறது. 2011-இலேயே பிரிஸ்டல் நீதிமன்றத்தில், சிறிய எல்லைக்குள்ளாகவே போய்வந்துகொண்டிருந்த ஒருவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. நம் ஊர்ச் சத்திரங்களிலும் மூன்று நாளுக்குமேல் தங்கலாகாது என்று எழுதிப்போட்டிருப்பார்கள். ஆனால் நாலாம் நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவன் எவ்வளவு தூரம் போனான் என்று எந்தச் சத்திரத்து மணியக்காரரும் பின்தொடர்ந்து பார்த்ததில்லை. இங்கே கரைப்பாதையில் டிரஸ்டின் ஊழியர் ஒருவர் கையில் சிறு கருவியோடு நடந்துவந்து, படகின் எண்ணைக் குறித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு வானிலை விசாரித்துவிட்டுப் போகிறார். படகுவாசியும் சிரித்த முகத்தோடு பதில் சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தம் தினக்குறிப்பில் அவர் வந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்.

இதில் ஒரு சரித்திர வேடிக்கையும் உண்டு. கோல்வில் ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தக்காரர், சரக்குப் படகுகளின் சிற்றறைகளில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தவர்களின் நிலையைக் கண்டு ஓயாமல் கிளர்ச்சி செய்ததன் பலனாக, 1877-இல் கால்வாய்ப் படகுச் சட்டம் பிறந்தது. ஒவ்வொரு படகும் ஏதேனும் ஓர் ஊரைச் சேர்ந்ததாகப் பதிவு பெறவேண்டும், அதில் வளரும் குழந்தைகள் பள்ளிக்கூட விஷயத்தில் அந்த ஊர்வாசிகளாகவே கருதப்படவேண்டும் என்று அது விதித்தது. ஊர் இல்லாமல் இருக்காதே என்று பாட்டனாரை அதட்டிய பார்லிமெண்ட், ஓர் ஊரிலேயே இருக்காதே என்று பேரனை அதட்டுகிறது. பேரனின் குழந்தைகள் என்னவோ அந்தப் பழைய ஏற்பாட்டின்படியே ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. டிரஸ்ட் சில குடும்பங்களுக்குச் சலுகை காட்டுகிறது என்பதையும் சொல்லவேண்டியதுதான். ஆனால் வருஷத்துக்கு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு அருகில் எத்தனை முறை வந்துபோகலாம் என்று கணக்குப் போடும் தாயாரின் முகத்தில் சிரிப்பைத் தேடுவது வீண்.

முகவரி என்பது நம் படகுவாசிக்குத் தமக்கையார் வீடுதான். லைசென்ஸ், வங்கிக் கடிதம், மோட்டார் காப்புறுதி அனைத்தும் லெஸ்டரில் இருக்கும் அந்த அம்மாளுக்குப் போய்ச் சேருகின்றன. அவரோ, உறையைப் பிரித்துப் படித்து அபிப்பிராயமும் சொல்லி அனுப்பும் பழக்கமுள்ளவர். டீசல் வாங்குவதிலும் சாமானிய மனிதனுக்கு இல்லாத தத்துவச் சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. படகை ஓட்டும் எண்ணெய்க்கு முழு வரி, குளிர்காயவும் விளக்கெரிக்கவும் செலவாகும் எண்ணெய்க்குக் குறைந்த வரி என்றிருப்பதால், எவ்வளவு எதற்கு என்று வாங்குகிறவரே கையெழுத்திட்டு உறுதிமொழி தரவேண்டும். அறுபது பங்கு பிரயாணம், நாற்பது பங்கு வீட்டுக் காரியம் என்பது வழக்கத்தில் உள்ள சூத்திரம். குளிர்காலம் முழுக்கக் கணப்பின் எதிரே உட்கார்ந்திருந்தவர் இதில் எதைச் சொல்வார்? அதிகம் ஓட்டினேன் என்றால் வரி. ஓட்டவே இல்லை என்றாலோ, பதினேழாவது பிரிவு.

கழிவறையைப் பற்றி எழுதுவது எழுத்தாளனுக்குக் கௌரவமல்ல என்றாலும், படகுவாசிகளோடு கால்மணி நேரம் பேசியவன் அதை மறைத்தால் பொய் சொன்னவனாவான். பெரிய தொட்டியில் சேர்த்துக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் கட்சி, பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டும் கட்சி, மரத்தூளில் மக்கவைக்கும் கட்சி என்று மூன்று சம்பிரதாயங்கள் இருக்கின்றன. மூன்றிலும் தீவிர பக்தர்கள் உண்டு. விருந்து வேளையிலும் வாதம் நிற்பதில்லை.

சட்டத்தின் உக்கிரத்தையெல்லாம் தாம் மட்டுமே தாங்குவதாக நினைக்கும் நம் நண்பர், கட்டிப்போட்ட படகில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும்போது மட்டும் தாமே சட்டமாகிவிடுகிறார். மணிக்கு 4 மைல் என்பது கால்வாயின் வேக வரம்பு. மனிதன் சற்று வேகமாக நடந்தால் அதை மிஞ்சிவிடலாம். இருந்தும், கடந்து போகும் படகு எதுவானாலும், ‘மெதுவாகப் போங்கள் ஐயா!’ என்று ஒரு கர்ஜனை எழாமல் இராது. பதினைந்தாம் நாள் தாம் கிளம்பும்போது அடுத்த படகுக்காரர் அதே கர்ஜனையைச் செய்தால், ‘என்ன மனிதர்கள்!’ என்று அலுத்துக்கொள்வார்.

கரைவாசியைப் பற்றிச் சொல்லாவிட்டால் சித்திரம் பூர்த்தியாகாது. லண்டனில் 1820 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ரீஜண்ட்ஸ் கால்வாயின் ஓரத்தில், பழைய கிடங்குகளும் பட்டறைகளும் இருந்த இடங்களில் கண்ணாடி மாளிகைகள் எழுந்திருக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் வண்ணப் படகுகள் தெரியும் என்பதற்காகவே அதிகப்படியான விலை கொடுத்து வீடு வாங்கிய கனவான், குடியேறிய முதல் வாரத்திலேயே ஜன்னலைத் திறந்தால் படகுகள் தெரிகின்றன என்று நகரசபைக்குப் புகார் எழுதுகிறார். விறகுப் புகை உள்ளே வருகிறது. மின்கலத்துக்காக எஞ்சின் ஓடுகிறது. இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை எஞ்சினை ஓட்டலாகாது என்ற விதியையும், புகைக் கட்டுப்பாட்டைக் கட்டிவைத்த படகுகளுக்கும் விஸ்தரிக்க 2021-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் சட்டம் நகரசபைகளுக்கு இடங்கொடுத்திருப்பதையும் அவர் மனப்பாடம் செய்துவிட்டார். பதினான்கு நாள் கணக்கு, படகுவாசிக்கு அடுத்தபடி, அவருக்குத்தான் அத்துபடி.

அப்படிப்பட்டவர் வீட்டை விற்க உத்தேசிக்கும் நாளும் வருகிறது. தரகர் புகைப்படக்காரரோடு வந்து பால்கனியில் நின்று, சிவப்பும் பச்சையும் தீட்டிய அந்தப் படகு, பூந்தொட்டி, புகைபோக்கி எல்லாம் படத்தில் விழுந்தால் விலையே வேறு, ஆனால் இன்று வெளிச்சம் போதாது, நாளை எடுக்கலாம் என்கிறார். அன்று பதினான்காம் நாள். வீட்டுக்காரர் படியிறங்கி ஓடி, இதுவரை பேசியறியாத படகுவாசியிடம், ‘இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகக்கூடாதா? சந்தர்ப்பத்தை உத்தேசித்துக் கூடுதலாகத் தங்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதே!’ என்று மன்றாடினார்.

படகுவாசி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, வாதத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

‘நோய், உறைபனி, எஞ்சின் பழுது, லாக் அடைப்பு இவற்றைத்தான் ஐயா நியாயமான சந்தர்ப்பங்களாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டு விலையைப் பற்றி ஒன்றும் காணோம்’ என்று சொல்லி, எஞ்சினை முடுக்கினார்.