தண்ணீரில் குளிக்கும் கம்ப்யூட்டர்

கேள்வி: மீன்தொட்டி மோட்டார், பழைய கார் ரேடியேட்டர், செம்புக்கட்டி எல்லாம் சேகரித்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி செய்யப்போகிறேன் என்கிறான் என் தம்பி. தடுக்கவா, விடவா?

பதில்: விடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனரும் எடுத்துக் கொடுங்கள்! இன்று கடையில் விற்கும் நீர்க்குளிர்விப்பான்களுக்கு முன்னோடிகள் இப்படிப்பட்ட தம்பிகள்தான். 300 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் செலரான் சிப்பை 450 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு விரட்டிய 1998 காலகட்டத்தில், அமெரிக்க ஆர்வலர்கள் கார் ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டரைக் கழற்றி வந்தார்கள். செம்புக்கட்டியில் தாங்களே வாய்க்கால் குடைந்து சிப்பின் தலையில் வைத்தார்கள். ஒரே கன அளவை எடுத்துக்கொண்டால், தண்ணீர் காற்றைவிட 3,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைச் சுமக்கும். மின்விசிறி தோற்பது அங்கேதான்.

ஆனால் ரேடியேட்டர் அலுமினியமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் குடித்தனம் நடத்தினால் அலுமினியம் அரித்துப் போகும். செம்பு, பித்தளை ரேடியேட்டரே பொருத்தம். குழாய்த் தண்ணீர் கூடாது. காய்ச்சி வடித்த தண்ணீரும் அரிப்புத் தடுப்பானும் வேண்டும். மோட்டார் நின்றால் சூடு ஏறும். குறிப்பிட்ட வெப்பநிலையில் கம்ப்யூட்டர் தானாக அணையும்படி பயாஸில் அமைத்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கசிவுச் சோதனை. மதர்போர்டுக்கு மின்சாரமே கொடுக்காமல், மோட்டாரை மட்டும் 24 மணி நேரம் ஓடவிடுங்கள். ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர் இருக்கட்டும். அது உலர்ந்தே இருந்தால் மட்டும் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள்.