ஒரு திருகின் பொருளாதாரம்

சுழலும் தண்டின் மீது விசிறி இறக்கையை நழுவாமல் பிடித்து நிறுத்தும் தலையில்லாத சிறு திருகைச் செட் ஸ்குரூ என்றும், பட்டறை வழக்கில் கிரப் ஸ்குரூ என்றும் கூறுவர். அதன் முனை குழிந்திருந்தால் தண்டை நன்கு கவ்வும், தட்டையாக இருந்தால் தண்டில் வடு குறையும், எண்ணூர்ப் பக்கத்து உப்புக்காற்றுக்கு எவர்சில்வர் வகை உகந்தது, 4 மி.மீ. திருகை முடுக்க 2 மி.மீ. ஆலன் சாவி போதும். இத்தகைய அற்ப ஞானம், மணலியை அடுத்த மாத்தூரில் வாழும் கண்ணியமான குடும்பத்தலைவருக்கு உரியதன்று. பகலெல்லாம் ஆலையின் பெரும் பம்புகளைப் பழுதுபார்க்கும் அவர், மோட்டார் ஓடியும் இறக்கை தள்ளாடினால் திருகு தளர்ந்திருக்கலாம் என்பதையும், இறக்கை நகராமல் மோட்டார் முனகினால் தொடக்க விசை தரும் கண்டென்சர் நலிந்திருக்கலாம் என்பதையும் அறிந்திருந்தும், வீட்டு மேசைவிசிறியைத் தொடாமல் புதியதொன்றைத் தவணையில் வாங்குவதே நாகரிகம். ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கெனக் குழு அமைத்து, இணையவாசலும் திறந்துள்ளது. உரிமை கிடைத்தபின் அதைப் பயன்படுத்தித் தேய்ப்பது நன்றிகெட்ட செயல் என்பதே சான்றோர் துணிபு.

இவ்வாறு காயலான் கடைக்கு எடைக்குப் போகும் விசிறியை, கடைக்காரர் திருகை அரைச்சுற்று முடுக்கிப் பெயின்ட் பூசி வாசலில் ஓடவிடுகிறார். மாடியில் குடியிருப்போருக்கு மலிவாக ஒரு விசிறி தேடி வரும் அதே குடும்பத்தலைவர், பழைய காலத்துச் சரக்கே சரக்கு என்று மெச்சி, பேரம் பேசாமல் அதை வாங்கிச் செல்கிறார்.