பூட்ஸ் போட்ட எழுத்து

எங்கள் வீட்டு வாசலில் வண்டி நிறுத்தாத ஆள் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். என் ஸ்கூட்டர்தான் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறதே!

பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் ‘நோ பார்க்கிங்’ என்று ஒரு போர்டு மாட்டினேன். கம்ப்யூட்டரில் நானே தேடி எடுத்த மெல்லிய சாய்வெழுத்து. கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்குப் போடுவார்களே, அந்த ஜாதி. பார்த்தவர்கள் அழைப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். வாசலில் இரண்டாக இருந்த வண்டிகள் ஒரே வாரத்தில் மூன்றாயின. “போர்டும் உங்களை மாதிரியே இருக்கு” என்றாள் மனைவி. அவள் அதற்குமேல் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வேறு போர்டு அடிக்கப் போனபோது, ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி என் பழைய போர்டைப் பார்த்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “சார், பூட்ஸ் போட்ட எழுத்து ஒண்ணு இருக்கு, அடிக்கட்டுமா?” என்றான். திரையில் ‘ராக்வெல் எக்ஸ்ட்ரா போல்டு’ வந்து நின்றது. வந்தது என்பதைவிட, இறங்கியது என்று சொல்லலாம்.

இந்த வகைக்கு ‘ஸ்லாப் செரிஃப்’ என்று பெயர். செரிஃப் என்பது எழுத்தின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாதம். ‘டைம்ஸ்’ போன்ற எழுத்துகளில் அது மெலிந்து, வளைந்து, நடன மங்கை கால்விரல் ஊன்றுவது போலிருக்கும். ஸ்லாப் நமக்குத் தெரிந்த சொல்தான்: சமையலறைப் பரணுக்கும் சாக்கடை மூடிக்கும் போடுவது. அதே சமாசாரத்தை எழுத்தின் காலில் கட்டிவிட்டார்கள். கால் எவ்வளவு பருமனோ கிட்டத்தட்ட அவ்வளவு பருமனில் பாதம், முனையெல்லாம் சதுரம். பெரிய ‘ஐ’ தண்டவாளத்தைக் குறுக்கே அறுத்து நிறுத்தியது போலிருந்தது. ‘கே’ உதைக்கத் தயாராக இருந்தது. ‘ஏ’வுக்குப் பாதம் போதாதென்று உச்சந்தலையில் ஒரு சும்மாடு வேறு. அந்த ‘ஓ’ ஒன்றுதான் பாவம், பூட்ஸ் கிடைக்காமல் லாரி டயர் மாதிரி உருண்டு கிடந்தது.

இவை பிறந்ததே கத்துவதற்காகத்தான். 1810களில் லண்டன் சுவர்களில் லாட்டரியும் நாடகமும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு கூவின. புத்தகத்துக்கு வார்த்த நல்ல பிள்ளை எழுத்துகள் அங்கே எடுபடவில்லை. வின்சென்ட் ஃபிகின்ஸ் என்ற எழுத்து வார்ப்பாளர் இந்தத் தடியர்களைக் கொண்டுவந்தார். புத்தம் புதிய சரக்குக்கு ‘ஆன்டிக்’, அதாவது ‘பழமை’, என்று பெயரும் வைத்தார். நெப்போலியன் படையெடுத்துப் போய் வந்ததிலிருந்து எகிப்து மோகம் தலைக்கேறியிருந்த காலம். அதனால் பிறகு ‘எகிப்தியன்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், 1816-இல் நான்காம் வில்லியம் கேஸ்லன் ‘எகிப்தியன்’ என்று அச்சிட்டுக் காட்டியது பாதமே இல்லாத எழுத்து. பெயரை ஒருவன் வாங்க, பூட்ஸை இன்னொருவன் போட்டுக்கொண்டான்.

1845-இல் ராபர்ட் பெஸ்லியின் வார்ப்படச் சாலையிலிருந்து ‘கிளாரண்டன்’ வந்தது. இது கொஞ்சம் சாது. காலும் பாதமும் சேருமிடத்தில் லேசான வளைவு உண்டு. பெஸ்லி அதைச் சட்டப்படி பதிவும் செய்தார். பாதுகாப்பு மூன்றே வருஷம். கெடு முடிந்ததும் மற்ற வார்ப்படக்காரர்கள் பந்திக்கு முந்தினார்கள். மனிதர் இடிந்துபோகவில்லை, 1869-இல் லண்டன் மேயரே ஆகிவிட்டார். அமெரிக்காவிலோ 1827-இல் டேரியஸ் வெல்ஸ் எந்திரத்தால் மர எழுத்து கடையத் தொடங்கினார். மரம் மலிவு, கனமும் இல்லை; எழுத்து எத்தனை பெரிதாகவும் வளரலாம் என்றாயிற்று. கௌபாய் படங்களில் ‘தேடப்படும் குற்றவாளி’ சுவரொட்டியில், உடம்பைவிடப் பாதம் பருத்து நிற்குமே, அது இந்த வம்சத்துப் பிள்ளை. என் ராக்வெல் 1934-இல் மோனோடைப் நிறுவனம் வெளியிட்டது. சோனி பெயரைப் பாருங்கள். அதற்கும் இந்தக் குடும்ப ஜாடைதான்.

“தமிழ்லயும் போட்டாத்தானே புரியும்?” என்றாள் மனைவி. நியாயம்தான். ‘வண்டி நிறுத்தாதீர்’ என்பதை அதே தடிமனில் அடிக்கச் சொன்னேன். தம்பி அழுத்த அழுத்த, ‘ண்’ணின் சுழிகளெல்லாம் அடைத்துக்கொண்டு, எழுத்து இருந்த இடத்தில் மை கொட்டியது போலாயிற்று. ‘வ’ ஏதோ புளிமூட்டை. சரி, பாதமாவது ஒட்டலாமென்றால் எங்கே ஒட்டுவது? ‘ப’வும் ‘ட’வும் உட்கார்ந்த இடத்திலேயே தரையாக இருக்கின்றன. ‘ழ’வின் எந்தக் காலில் பூட்ஸ் மாட்டுவது, எந்தக் காலைத் தூக்கச் சொல்வது? நம் எழுத்து வெறுங்காலோடு ஓலையில் வளைந்து வளைந்து நடந்து பழகியது. அதைப் பட்டாளத்தில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. தமிழைச் சாதாரணமாகக் கீழே போட்டு, கத்துகிற வேலையை ராக்வெல்லிடமே விட்டேன்.

மூன்றடிக்கு நாலடி போர்டு. மாட்டிய அன்றே தெருவின் நடை மாறியது. கார்கள் எதிர்வீட்டுக்கு நகர்ந்தன. காஸ் சிலிண்டர்காரர் முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வந்தார். என் மச்சினன் இரண்டு தெரு தள்ளி பைக்கை விட்டுவிட்டு, “மாமா, வீடு மாத்திட்டீங்களோன்னு பயந்துட்டேன்” என்று வேர்க்க வேர்க்க வந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக என் குரல் எடுபட்டது.

நாலாம் நாள் காலை ஸ்கூட்டரை எடுக்க கேட்டைத் திறந்தேன். பாதிதான் திறந்தது. போர்டு நிழலில் இஸ்திரி வண்டி நின்றது. இஸ்திரிக்காரர் பெட்டியில் கரி ஊதிக்கொண்டிருந்தார்.

“போர்டு பார்க்கலையா?” என்றேன்.

“அத பாத்துட்டுதான் சார் வந்தேன். ஒரு வண்டி வரதில்ல, இடம் அம்சமா இருக்கு” என்றார். “நீங்க போட்டிருக்கிறத குடுங்க, சூடா தேச்சுத் தரேன்.”