சாமைக்கு வந்த வாழ்வு

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் அப்போதெல்லாம் வீட்டில் சாமைச் சோறு என்றால், நெல்லுச்சோறு ஆக்க வக்கில்லை என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. கல்வராயன் மலையிலிருந்து சாமையும் புளியும் கடுக்காயும் சுமந்து சந்தைக்கு இறங்கிவரும் மலையாளிப் பழங்குடிச் சனங்களைப் பார்த்து, ஐயோ பாவம், அரிசிக்கு வழியில்லாதவர்கள் என்று அரை டவுசரோடு நின்று இரக்கப்பட்ட பெரிய மனிதன் நான். ஆயா உரலில் சாமை குத்தும் சத்தம் கேட்டாலே, இன்றைக்குக் கூடப் படிக்கிற பையன் எவனும் வீட்டுப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று அய்யனாரை வேண்டிக்கொண்டு, தீபாவளி இட்லிக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பேன். உங்கள் வீட்டிலும் இட்லி தீபாவளிக்குத்தானே?

பிறகு நெல்லுச்சோறு வந்தது. 2011இல் ரேஷன் அரிசி இலவசமாகவே ஆகி, மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் மூன்று வேளையும் தீபாவளியானது. சர்க்கரையும் பிரஷரும் வந்தன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அவற்றுக்கான மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்தது. காலில் புண் ஆறாமலே போய்ச்சேர்ந்த என் பெரியப்பாவுக்கு, அது சர்க்கரை என்று சொல்லக்கூட அன்றைக்கு ஆளில்லை. அதனால் சர்க்கரை மாத்திரையான மெட்பார்மினைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

வேடிக்கை அதற்கப்புறம்தான். கையில் சென்சார் ஒட்டி, எதைத் தின்றால் எனக்குச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று இரண்டு வாரம் வேவு பார்த்து, எனக்கென்றே பிரத்யேகமாகத் தயாரித்த உணவுத் திட்டத்தை, காசு வாங்கிக்கொண்டு நீட்டினார்கள். முதல் வரி: சாமைச் சோறு, கொள்ளு, கீரை. ஆயா இதைக் கரண்டியால் மிரட்டியே கொடுத்தாள்.

பாக்கெட் சாமையோ வெள்ளைவெளேரென்று பச்சரிசிக்குப் போட்டியாக இருக்கிறது. ஆயா குத்தியது தவிட்டோடு பழுப்பாக இருக்கும், கருவாட்டுக் குழம்போடு மென்று முடிக்கவே பொழுதாகும், குத்தும்போதே ஒரு மணம் வீடெல்லாம் சுற்றும். தவிடு போனால் நார்ச்சத்தும் போச்சு. மாவாய் அரைத்த கேழ்வரகுக் கூழும் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். சிறுதானியம் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது.

இன்னொன்று. ஆர்வத்தில் சோற்றை நீங்களாகவே பாதியாக்கிவிட்டுக் கிளிமிபிரைடு மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே தொடராதீர்கள். சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரலாம். தட்டை மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவை அவர் மாற்றித் தருவார்.